ஒரு ரப்பர் வாஷரும் மூன்று ஒப்பந்தப்புள்ளிகளும்: கப்பலூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இருபது லிட்டர் பெட்ரோலோ டீசலோ கொள்ளும் இரும்பு ஜெர்ரிகேனின் மூடியைத் திறந்தால், உள்பக்கத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் பதிந்திருப்பதைக் காணலாம். பட்டறையில் அதற்கு வாஷர் என்றே பெயர். பத்து கிராம் எடைக்கு மேல் போகாத அந்த வளையம் சரியில்லையென்றால் கேன் கசியும். மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு போகும் படைவண்டிக்குள் எரிபொருள் கசிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மதுரைக்குத் தெற்கே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறை, இந்த வாஷரைப் படைத்துறைக் கிடங்கு ஒன்றுக்கு விற்பதற்காக 2021 முதல் 2023 வரை இணையத்தின் வழியே மூன்று முறை முயன்றது. முதல் முறை ஒப்பந்தப்புள்ளி போய்ச் சேரவே இல்லை. இரண்டாம் முறை விலையில் தோற்றது. மூன்றாம் முறை வென்றது. வென்ற பிறகு பணம் வரக் காத்திருந்தது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

பட்டறையில் மூன்று அச்சு அழுத்த இயந்திரங்களும், ரப்பரைக் கலக்கும் ஓர் இரட்டை உருளை மில்லும், பதினான்கு தொழிலாளர்களும் உண்டு. முதலாளி பெரிய ரப்பர் நிறுவனம் ஒன்றில் கலவைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். மதுரைப் பக்கத்து ரப்பர் பட்டறைகள் பலவற்றின் பிறப்பு இப்படித்தான். அவருடைய மகள் வணிகவியல் படித்தவர். கணினி, வங்கி, ஜி.எஸ்.டி. எல்லாம் அவர் கையில். நான் அவர்களுக்கு வெளியிலிருந்து கணக்கும் ஒப்பந்தப்புள்ளி வேலையும் பார்த்துக் கொடுப்பவன். கீழே சொல்லப்போகும் தவறுகளில் ஒன்று முழுக்க என்னுடையது. பட்டறையின் பெயரும் கிடங்கின் பெயரும் இங்கே வரவில்லை; அடுத்த ஆணையை எதிர்பார்த்திருக்கும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இதில் இருக்கிறது.

காகிதம் இருந்தபோது

முதலாளி 1990-களின் இறுதியில் ரயில்வேக்கும் படைத்துறைக் கிடங்குகளுக்கும் ஒப்பந்தப்புள்ளி அனுப்பிப் பார்த்திருக்கிறார். நாளிதழில் விளம்பரம் வரும். படிவத்துக்கு வங்கியில் டி.டி. எடுத்து அனுப்பினால் ஒரு வாரத்தில் படிவம் வந்து சேரும். தொழில்நுட்ப விவரம் ஓர் உறையிலும் விலை இன்னொரு உறையிலும் இட்டு, இரண்டையும் மூன்றாவது உறைக்குள் வைத்து, ஓரங்களில் அரக்கு உருக்கி முத்திரை குத்த வேண்டும். தபாலில் நம்பிக்கை இல்லாதபோது பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி எழும்பூரில் இறங்கி, பெட்டியில் தாமே போட்டுவிட்டு அன்றிரவே திரும்புவார். வடக்கே உள்ள கிடங்கென்றால் அதற்கும் வழியில்லை. “பெட்டி திறக்கிற நேரம் மூன்று மணி. நம்ம கவர் மூணரைக்கு வந்துச்சுன்னு பதில் போடுவாங்க. அதைப் பொய்னு எப்படிச் சொல்றது?” என்று அவர் ஒருமுறை கேட்டார்.

உள்ளூர் அலுவலகங்களின் கதை வேறு. அங்கே தூரம் ஒரு தடையே அல்ல. பெட்டிக்கு முன்னால் நிற்பவர்கள்தான் தடை. யாரை உள்ளே விடுவது, யாரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று பேசி அனுப்புவது என்பதெல்லாம் பெட்டி இருக்கும் தாழ்வாரத்திலேயே முடிவாகிவிடும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது அதுவே முதல்முறை. 2000-ஆம் ஆண்டின் விதிகள் ஒப்பந்தப்புள்ளி இதழ், குறைந்தபட்ச அவகாசம் என எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். முடிவில் குறை கண்டவர் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் தாழ்வாரத்தில் நிற்பவர்களை அகற்றும் வேலையை அது செய்யவில்லை. தாழ்வாரமே இல்லாமல் போனபோதுதான் அது பெரும்பாலும் நடந்தது.

மத்திய அரசுப் பக்கம் வழங்கல் மற்றும் அகற்றல் தலைமை இயக்ககம், பல துறைகளும் பயன்படுத்தும் பொருள்களுக்கு விலை ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. துறைகள் அந்த விலையில் நேரே ஆணை கொடுக்கும். இதன் பலவீனம், பட்டியலில் இருக்கும் விற்பனையாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ள முடியும் என்பதே. ரப்பர் அடிப்பாகம் கொண்ட கணுக்கால் பூட்ஸுகளுக்கு, படைகளுக்குப் போகும் அதே காட்டு பூட்ஸுகளுக்கு, ஏறக்குறைய ஒரே விலையைக் குறித்திருந்த விற்பனையாளர்கள்மீது இந்த இயக்ககமே புகார் கொடுத்தது. 2013-இல் இந்தியப் போட்டி ஆணையம் அவர்களுக்கு அபராதம் விதித்தது. ரப்பர் தொழிலில் இருப்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் பல நாள் பேசினார்கள். 2016 ஆகஸ்ட் 9 அன்று ‘ஜெம்’ என்று எல்லோரும் அழைக்கும் அரசு மின்சந்தை தொடங்கப்பட்டது. 2017 அக்டோபர் 31 அன்று அந்தப் பழைய இயக்ககம் மூடப்பட்டது. 2017-இன் பொது நிதி விதிகளில் 149-ஆம் விதி, ஜெம்மில் கிடைக்கும் பொருளை மத்திய அரசுத் துறைகள் அங்கேயே வாங்க வேண்டும் என்றது. பாதுகாப்பு அமைச்சகமும் இதற்கு விலக்கல்ல. 2023 இறுதிக்குள் அந்த அமைச்சகம் ஜெம் வழியே கொடுத்த ஆணைகளின் மொத்த மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் ஏறக்குறைய பாதி அந்த ஒரே நிதியாண்டில் நடந்தது.

விமானமும் கப்பலும் பீரங்கியும் இந்தக் கணக்கில் வருபவை அல்ல. அவற்றுக்கு 2020-இன் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை என்று தனிப்பாதை இருக்கிறது. இணையத்துக்கு நிஜமாகவே இடம்பெயர்ந்தவை போர்வை, பருப்பு, பேட்டரி, பெயிண்ட், வாஷர் போன்ற அன்றாட வருவாய்ச் செலவினங்கள். கப்பலூரில் இருப்பவருக்கு எட்டக்கூடியதும் அதுதான்.

முதல் முயற்சி: மார்ச் 2021

முதல் ஒப்பந்தப்புள்ளி ஜெம்மில் அல்ல, பாதுகாப்பு அமைச்சகத்தின் மின்கொள்முதல் தளத்தில் வந்தது. தேசியத் தகவல் மையம் உருவாக்கிய மென்பொருளில் இயங்கும் தளம் அது. தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளமும் அதே மென்பொருளில் ஓடுவதால் அதன் நடை எனக்குப் பழக்கமானது என்று நினைத்திருந்தேன். மூன்றாம் வகை மின்கையொப்பம் பதிந்த யு.எஸ்.பி. டோக்கன் வேண்டும். முன்பிருந்த இரண்டாம் வகைக் கையொப்பங்கள் 2020 முடிவோடு நிறுத்தப்பட்டிருந்தன; எனவே புதிதாக வாங்கி, தளத்தில் பதிந்து, கணினியில் ஜாவா வேலை செய்கிறதா என்று பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்ததால், ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை. ஆவணங்களைக் கறுப்பு வெள்ளையில் 100 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யச் சொல்கிறது தளத்தின் அறிவுரை. கோப்பு பெரிதாகக் கூடாது என்பதற்காக. விலைக்கான எக்செல் தாளின் பெயரை மாற்றக் கூடாது, கட்டங்களைக் கூட்டக் குறைக்கக் கூடாது. இவையெல்லாம் சரியாகவே நடந்தன.

நிறைவு நேரம் பிற்பகல் 3 மணி. 2:40-க்கு இரண்டு உறைகளும் ஏறிவிட்டதாக மகள் தொலைபேசியில் சொன்னார். திரையின் மேல் மூலையில் ஓடிக்கொண்டிருந்த சர்வர் கடிகாரத்தை அவர் வாசித்துக் காட்டியதுகூட நினைவிருக்கிறது. “ஏறிருச்சுல்ல, அப்ப சரிம்மா” என்று சொல்லிவிட்டு நான் வேறொரு வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. வேலைக்குப் போய்விட்டேன். ஏற்றுவது வேறு, ‘ஃப்ரீஸ்’ என்ற பொத்தானை அழுத்தி ஒப்பந்தப்புள்ளியை உறைய வைப்பது வேறு என்பதை நான் சொல்லவில்லை. அதை அழுத்தினால்தான் ஒப்புகைச் சீட்டு வரும். அழுத்தும் வரை ஏற்றியதெல்லாம் மேசைமேல் வைத்த கடிதம் போலத்தான், தபாலில் சேர்க்கப்படவில்லை. 3 மணி கடந்ததும் திரையில் அந்தப் பக்கமே மூடிக்கொண்டது.

முதலாளி என்னைத் திட்டவில்லை. “மூணரைக்கு வந்துச்சுன்னு இனிமே யாரும் சொல்ல முடியாதுல்ல, அதுவே பெரிசு” என்றார். அவர் கேலி செய்தாரா, உண்மையாகவே சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய முறையில் தோல்விக்கான காரணம் யாரோ ஒருவருடைய சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே காரணம் ஐயத்துக்கு இடமில்லாமல் எங்களுடையது. சர்வரின் நேரம் எல்லோருக்கும் ஒன்று. குறிக்கப்பட்ட திறப்பாளர்களில் இருவர் தத்தம் கையொப்பத்துடன் வந்தால்தான் உறை திறக்கும். யார் எப்போது திறந்தார் என்பது பதிவாகும்.

மையங்கள்

இதற்குப் பிறகு உறவினர்கள் சிலர், ஊருக்குள் உள்ள ‘டெண்டர் சென்டர்’ ஒன்றிடம் வேலையை ஒப்படைத்துவிடுமாறு சொன்னார்கள். ஸெராக்ஸ் கடையும் டி.டி.பி. கடையும் வளர்ந்து இந்த வேலைக்கு வந்தவை பல. டோக்கனையும் கடவுச்சொல்லையும் அங்கேயே கொடுத்து வைத்துவிடுவார்கள். ஆணை வந்தால் இத்தனை சதவீதம் என்று பேச்சு. எனக்குத் தெரிந்த ஒரு மையத்தின் மேசை இழுப்பறையில், ரப்பர் பேண்டு போட்டுப் பெயர்ச் சீட்டு ஒட்டிய டோக்கன்கள் குறைந்தது இருபதாவது கிடந்தன. அந்த டோக்கன் சட்டப்படி ஒருவருடைய கையெழுத்து. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கடையில் கொடுத்துவிட்டு வரத் துணியாதவர்கள், இதை மட்டும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மையத்தின் ஒரே கணினியிலிருந்து ஒரே வேலைக்கு இரண்டு வாடிக்கையாளர்களின் விலை ஏறினால், இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமலேயே இருந்தாலும், ஐ.பி. முகவரி ஒன்றாக இருக்கும். தணிக்கை செய்பவர் அதைக் கூட்டுச் சதியின் அடையாளமாகப் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். தாழ்வாரத்துப் பேச்சுவார்த்தைகள் இப்போது இத்தகைய அறைகளுக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன என்பதும் உண்மைதானே. மகள் மறுத்துவிட்டார், டோக்கன் வீட்டுப் பீரோவில் நகைப்பெட்டியோடு இருக்கிறது.

இந்த மையங்கள் பெருகியதற்கு முக்கியமான காரணம் மொழி. நிபந்தனைகளும் திருத்த அறிவிப்புகளும் இணைப்புகளும் ஆங்கிலத்தில் வருகின்றன, ஜெம்மில் சில இடங்களில் இந்தியும் உண்டு. எந்த டிராயிங்கையும் நிமிடத்தில் படித்துவிடும் முதலாளிக்கு, பதினோராம் பக்கத்துத் தண்டத்தொகைப் பிரிவை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் முயற்சி: ஓர் எழுத்து

2021 நவம்பரில் அதே வகை வாஷருக்கு, இம்முறை ஜெம்மில், ஏல அறிவிப்பு வந்தது. 80,000 எண்ணம். அன்றைய விதிப்படி 25,000 ரூபாய் வரை தளத்தில் யாரிடமும் நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களை ஒப்பிட்டு மலிவானதை எடுக்கலாம். ஐந்து லட்சத்தைத் தாண்டினால் ஏலமோ ‘ஆர்.ஏ.’ எனப்படும் இறங்குமுக ஏலமோ கட்டாயம். (இந்த வரம்புகள் பிறகு உயர்த்தப்பட்டுவிட்டன.) வாஷரின் மதிப்பு ஐந்து லட்சத்தைத் தாண்டியது. ஜெம்மில் குறிக்கும் விலைக்குள் ஜி.எஸ்.டி.யும் கிடங்கு வாசல் வரையிலான லாரி வாடகையும் அடங்கிவிட வேண்டும். புதியவர்கள் பலர் இதில்தான் அடிபடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிடங்குக்குக் கப்பலூரிலிருந்து அனுப்பும் வாடகையை வாஷர் ஒன்றுக்கு இத்தனை பைசா என்று பிரித்துச் சேர்க்க மகளுக்கு ஒரு முழு மாலை பிடித்தது. எல்லாம் சேர்ந்து அடக்கம் 7 ரூபாய் 10 பைசா. 8 ரூபாய் 40 பைசா என்று குறித்தார்கள்.

ஆறு பேர் தொழில்நுட்பத் தகுதி பெற்றார்கள். அதிக விலை சொன்னவரை விலக்கிவிட்டு மற்றவர்களுக்கு ஆர்.ஏ. திறந்தது. திரையில் பெயர்கள் தெரியாது. இப்போதைய குறைந்த விலை மட்டும் தெரியும். 7.60, 7.25, 6.90. முதலாளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். 6.20. கடைசியில் 5.10-இல் நின்றது.

“இந்த விலைக்கு நைட்ரைல்ல பண்ண முடியாதும்மா. எவனாவது பண்ணிக் காட்டுனா நான் பட்டறைய மூடிட்டு அவன்கிட்ட வேலைக்குப் போறேன்” என்றார்.

அவர் சொன்னது தொழில்முறையில் சரி. பெட்ரோல், டீசல் படும் இடத்துக்கு நைட்ரைல் ரப்பர்தான் பொருந்தும். தொழிலில் அதை என்.பி.ஆர். என்பார்கள். இயற்கை ரப்பர் என்.ஆர். அது மலிவு, இழுவைக்கு அருமையானது, ஆனால் எரிபொருளை உறிஞ்சி ஊதிவிடும். அன்றிரவு அவர் இரண்டிலும் ஒவ்வொரு வாஷர் எடுத்து, ஒரு எவர்சில்வர் தம்ளரில் பெட்ரோல் ஊற்றிப் போட்டுவைத்தார். காலையில் போயிருந்தபோது இரண்டையும் இடுக்கியால் எடுத்து மேசைமேல் வைத்தார். நைட்ரைல் வளையம் போட்டபடியே இருந்தது. இயற்கை ரப்பர் வளையம் ஊறவைத்த அப்பளம்போல் விளிம்பு நெளிந்து, பழைய வளையத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருத்திருந்தது. மூடியின் பள்ளத்தில் அது உட்காரவே இல்லை.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் இயற்கை ரப்பர் விலையில் போட்டியிட்டார்கள்? அன்றைக்குத்தான் நாங்கள் டிராயிங்கை நிதானமாகப் பார்த்தோம். தளத்தில் பொருளின் பெயர் ‘வாஷர், ரப்பர், கறுப்பு’ என்று மட்டும் இருந்தது. பொருள் எதுவென்பது இணைப்பில் உள்ள டிராயிங்கின் வலது கீழ் மூலைக் கட்டத்தில்தான் இருந்தது. அந்த டிராயிங் ஏதோ பழைய புளூபிரிண்டை மடித்து, நகலெடுத்து, அந்த நகலை மறுபடி நகலெடுத்து, ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டது. மடிப்பு விழுந்த கோடு அந்தக் கட்டத்தின் குறுக்கே ஓடியது. அதற்கு இப்பக்கம் ‘என்’ என்ற எழுத்து தெரிந்தது, அப்பக்கம் ‘ஆர்’ தெரிந்தது. நடுவில் ‘பி’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. பெட்ரோல் கேனுக்கு என்பது தெரிந்தவர் அங்கே பி-யைக் கற்பனையில் போட்டுக்கொள்வார். டிராயிங் எண்ணை மட்டும் வைத்து விலை போடுபவர் உள்ளதை உள்ளபடி வாசிப்பார். இரு சாராரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரில் வைத்துப் பைசா பைசாவாக இறங்கினோம், அவ்வளவுதான்.

இணையக் கொள்முதலைப் பற்றிய விவாதங்களில் என் கவனத்துக்கு வராத விஷயமாக இருந்தது இது. நேரம், உறை, திறப்பு, விலை ஆகியவற்றை மென்பொருள் இறுக்கிப் பூட்டிவிட்டது. எதை வாங்குகிறோம் என்ற வரியை அது அப்படியே சுமந்து வருகிறது. அதில் மடிப்பு இருந்தால் மடிப்போடு. முன்பு இப்படிப்பட்ட டிராயிங் வந்தால் முதலாளி கடிதம் எழுதுவார், அல்லது நேரில் போகும்போது கிடங்கு மேற்பார்வையாளரிடம் மாதிரியைக் கேட்டு வாங்கிக் கையில் தடவிப் பார்ப்பார். நேரில் போகும் பழக்கம் ஊழலுக்கும் வழிவிட்டது என்பது உண்மை. அதே வழியில் இந்தத் தடவிப் பார்ப்பதும் நடந்துகொண்டிருந்தது. தூரத்தை ஒழித்தபோது இரண்டும் சேர்ந்தே போய்விட்டன.

அந்த ஏலம் பின்னர் ரத்தானதாகத் தளத்தில் தெரிந்தது. காரணம் அங்கே இல்லை. ஆனால் எனக்கு ஊகம் உண்டு.

மூன்றாம் முயற்சி: இரண்டு கடிகாரங்கள்

2022 ஆகஸ்டில் அதே 80,000 வாஷர், அதே டிராயிங், அதே மடிப்பு. இம்முறை விலையைத் தொடுமுன் விளக்கம் கேட்டோம். கேள்வி ஒரே வரி: டிராயிங்கில் பொருள் வரி தெளிவில்லை, தேவை இயற்கை ரப்பரா நைட்ரைலா? கேள்வியைச் சுருக்கமாக வைக்க வேண்டும் என்பதில் மகள் பிடிவாதமாக இருந்தார். நான் எழுதிய முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். அதில் தம்ளர் சோதனைகூட இருந்தது. நான்காம் நாள், நைட்ரைல் ரப்பர் என்றும் கடினத்தன்மை ஷோர் ஏ அளவில் 60, ஐந்து கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் தட்டச்சு செய்த திருத்த அறிவிப்பு வந்தது. தகுதி பெற்றவர்கள் நான்கு பேர்தான். ஆர்.ஏ. 8 ரூபாய் 15 பைசாவில் நின்றது, எங்கள் விலையில்.

மொத்தம் 6,52,000 ரூபாய். முன்வைப்புத் தொகைக்கு இருந்த விலக்கு, ஆணையைச் சரியாக முடிப்பதற்கு ஈடாகக் கட்டும் செயல்பிணைக்கு இல்லை. ஆனால் கொரோனாக் காலத்தில் மூன்று சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்ததால் 19,560 ரூபாயோடு முடிந்தது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று, ஒவ்வொரு பையிலும் ரப்பர் வெந்த காலாண்டும் ஆண்டும் குறித்த சீட்டு, எண்ணிக்கைச் சரிபார்ப்பு என்று அக்டோபர் முழுதும் ஓடியது. சரக்கு நவம்பர் 9 அன்று கிடங்கில் இறங்கியது. இணையத்தில் வென்ற ஆணையின் லாரி, அதற்கு முன் நுழைவுச் சீட்டுக்காகக் கிடங்கு வாசலில் ஒன்றரை நாள் நின்றது என்பதைப் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஜெம்மின் நடைமுறையில் சரக்கு வந்ததும் பெறுபவர் தற்காலிகப் பெறுகைச் சான்று கொடுக்க வேண்டும். பிறகு பத்து நாளுக்குள் சோதித்து, ஏற்புச் சான்று கொடுக்க வேண்டும். தொழிலில் எல்லோரும் ‘சிராக்’ என்பது இதைத்தான். அது வந்த பத்து நாளுக்குள் பணம். தற்காலிகச் சான்று நவம்பர் 11 அன்றே வந்துவிட்டது. சிராக் வரவில்லை. டிசம்பர் நடுவில் மகள் தொலைபேசியில் விசாரித்தபோது, சான்று கொடுக்க வேண்டிய அலுவலர் மாற்றலாகிவிட்டார் என்றும், வந்தவருடைய பெயரில் தளத்தில் கணக்கு இன்னும் திறக்கவில்லை என்றும் சொன்னார்கள். வாஷர்கள் சரியாக இருப்பதாக அவர்களே வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். சரியாக இருக்கிறது என்று அழுத்த ஆளில்லை. சிராக் 2023 ஜனவரி 24 அன்று வந்தது; பணம் பிப்ரவரி 2 அன்று. தளத்தின் கணக்கில் பணம் குறித்த காலத்துக்குள், ஒன்பதாம் நாளே வந்துவிட்டது. அதில் தாமதம் என்று எதுவும் காட்டாது.

சட்டத்தின் கணக்கு வேறு. 2006-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்பு நாளாகக் கொள்ளப்படும். அங்கிருந்து அதிகபட்சம் 45 நாள். ஆட்சேபம் எதுவும் வராததால் எங்களுக்குப் பணம் வந்திருக்க வேண்டிய கடைசி நாள் டிசம்பர் 24. நாற்பது நாள் தாமதம். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி என்று சட்டம் சொல்கிறது. அப்போதைய வங்கி விகிதம் 6.50 சதவீதம் என்பதால் ஆண்டுக்கு 19.5 சதவீதம். சுமார் 14,000 ரூபாய் வரும். இந்த ஆணையில் பட்டறைக்கு நின்ற லாபத்தில் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தளத்தின் கடிகாரம் ஒருவர் பொத்தானை அழுத்தும்போது ஓடத் தொடங்குகிறது, சட்டத்தின் கடிகாரம் லாரி இறங்கும்போது. வாங்குபவரின் திரையில் தெரிவது முதலாவது மட்டுமே.

சிறு தொழில்களுக்குப் பணம் தாமதமானால் புகார் கொடுப்பதற்கான சமாதான் தளத்தில் பதிந்து, அதை விசாரிக்கும் வசதிகரிப்பு மன்றத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். முதலாளி கேட்டது ஒன்றுதான்: “அடுத்த டெண்டர்ல நம்ம பேர் அவங்களுக்குத் தெரியுமா தெரியாதா?” ஆர்.ஏ. நடக்கும்போது பெயர் தெரியாது; தொழில்நுட்ப மதிப்பீட்டின்போது தெரியும். அவர் புகார் கொடுக்கவில்லை. அந்த நாற்பது நாளில் வங்கிக் கடன் கணக்கில் ஓடிய வட்டியைச் செலவில் எழுதினோம். வட்டிச் சட்டம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யாமல் போகிறது. வாங்குபவர் ஒருவர், விற்பவர் பலர் என்ற நிலையை எந்தத் தளமும் மாற்றவில்லை. படைத்துறைக்கு மட்டுமே போகும் பொருளில் அது இன்னும் கூர்மையானது.

வேறிடத்தில் இதே காலம்

நாங்கள் சிராக்குக்குக் காத்திருந்த அதே 2023 ஜனவரியில், உக்ரைனில் படைவீரர்களுக்கான முட்டையை ஒன்று 17 ஹ்ரீவ்னியா என்று பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் செய்திருந்த செய்தி வெடித்தது. கடை விலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பாதுகாப்புத் துணை அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். பொதுக் கொள்முதலை முழுதும் திறந்து காட்டும் ‘புரொசோரோ’ தளத்துக்காக உலகமே பாராட்டிய நாடு அது. ஆனால் போர்க்காலம் என்பதால் படைத்துறை ஒப்பந்தங்களின் விலைகள் அதில் வெளியாகாமல் இருந்தன. அதன்பின் சட்டத்தைத் திருத்தி, உணவு, உடை போன்றவற்றின் அலகு விலையை வெளியிடச் செய்தார்கள். அங்கே மறைந்திருந்தது விலை. எங்கள் வாஷரில் விலை பைசா வரை எல்லோர் திரையிலும் தெரிந்தது, பொருள் மறைந்திருந்தது. எதைத் திறந்து காட்டுவது என்ற கேள்விக்கு விலை மட்டுமே விடையாக இருந்துவிடக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

உள்ளூரிலும் ஒரு குறிப்பு. 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியின் ஐந்து மையங்கள் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி. மதுரை அதில் இல்லை. ஆகவே இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் படைத்துறையோடு உள்ள தொடர்பு பெரும்பாலும் ஒரு திரையும் ஒரு டோக்கனுந்தான். காகிதக் காலமாக இருந்திருந்தால் கப்பலூர் வாஷர் அந்தக் கிடங்கை எட்டியே இருக்காது என்பதை, மேலே சொன்ன குறைகளுக்கெல்லாம் நடுவிலும் முதலாளி மறுப்பதில்லை. அரக்கும் ரயில் கட்டணமும் போய், மகளின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடி ஆறு மாநிலத்துப் பட்டறைகளோடு அவர் மோதுகிறார்.

எங்கள் நடைமுறையில் சில மாற்றங்கள் செய்துகொண்டோம். நிறைவு நாளுக்கு முந்தைய நாளே ஃப்ரீஸ் செய்துவிடுகிறோம். ஒப்புகைச் சீட்டை அச்சிட்டுக் கோப்பில் வைத்த பிறகே எனக்குத் தொலைபேசி வரும். டிராயிங் மங்கலாக இருந்தால் விலைக் கணக்கைத் தொடங்குவதில்லை. சரக்கு இறங்கியதற்கான லாரி ரசீதின் படத்தோடு, பதினாறாம் நாள் வாங்குபவருக்கு ஒரு மரியாதையான மின்னஞ்சல் போகும். ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டோம், நன்றி, என்று மட்டும் அதில் இருக்கும். வட்டி என்ற சொல் அதில் வராது.

சென்ற முறை அதே வாஷருக்கு மறுபடி ஏலம் வந்தபோது இணைப்பைத் திறந்து பார்த்தோம். 2022-இன் திருத்த அறிவிப்பு அந்த ஒரு ஏலத்தோடு நின்றுவிட்டிருந்தது. ஏறியிருந்தது அதே பழைய டிராயிங். கீழ் மூலைக் கட்டத்தின் குறுக்கே அதே வெள்ளைக் கோடு. மகள் பழைய கோப்பிலிருந்து அந்த ஒற்றை வரிக் கேள்வியை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, மறுபடி அனுப்பினார்.